ஓரத்தில் அறுந்த பூஜ்யம்

தலைஞாயிற்றிலிருந்து போன் வந்தபோது
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
உரக்கடை மாடியில் என் ஜன்னலுக்குக் கீழே
லாரிகள் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன.
அதனால் ஒரு சொல் விடாமல் கேட்டது.

"மணிக்கு எரநூத்தி எம்பதுன்னு நீங்கதானே போட்டுருக்கீங்க?
வண்டிக்காரன் ரெண்டாயிரத்து எண்ணூறு கேக்குறான்.
பாதி வயல் அறுத்தாச்சு. வரப்புல நிக்கிறோம்."

பேர் தையல்நாயகி.
படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

பெல்ட் வண்டி, ஈர வயலுக்கு,
மணிக்கு 280.
பெட்டியின் வலது சுவர் அரிவாளாய் இறங்கி
கடைசிப் பூஜ்யத்தை அறுத்திருந்தது.

கண்ணாடி போடச் சோம்பல்பட்டு அவர்
எழுத்தளவைக் கடைசிப் படிவரை ஏற்றி வைத்திருக்கிறார்.
அது அவர் உரிமை.
நான்தான் பெட்டிக்குத்
தொண்ணூறு பிக்சல் என்று ஆணி அடித்திருந்தேன்.
அதற்கும் கீழே,
இரவு பதினொன்றரைக்கு, தூக்கக் கலக்கத்தில், ஒரு வரி:
வழிந்தால் மறை.

அந்த வரியின் விலை
இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய்.
மணிக்கு.

குபேந்திரன் அண்ணன் திட்டவில்லை.
நாலு அறுவடை வண்டிக்குச் சொந்தக்காரர்.
"என் ஆபீஸ் டிவியில நல்லாத்தானம்மா தெரிஞ்சுது" என்றார்.
ஆமாம்.
அவருடைய ஐம்பத்தைந்து அங்குலத்தில்
எதுதான் நன்றாகத் தெரியாது?
அதில் காட்டித்தான் பணம் வாங்கினேன்.

ஸ்டைல் ஷீட்டைத் திறந்தால்
எங்கு பார்த்தாலும் ஆணி.
பாதி என்னுடையது, பாதி
விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட்டோடு வந்தது.
அதைச் செய்தவன் ஊர்ப்பெயருக்கு விட்ட இடத்தில்
நாகை அடங்கும்.
திருத்துறைப்பூண்டி எங்கே போகும்?
"திருத்துறைப்பூ" என்று
மலர்ந்து நின்றது.
வரி உயரம் ஒன்று என்று வைத்ததில்
கீழ்வேளூர்
சுழியும் புள்ளியும் இழந்து
கழவேளூர ஆகியிருந்தது.
இந்த எழுத்துக்கு
மேலே கொஞ்சம் வானம் வேண்டும்,
கீழே கொஞ்சம் சேறு.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
பிக்சல் இருந்த இடத்தில் பங்கு எழுதினேன்.
வண்டியின் பெயருக்கு இரண்டு பங்கு, விலைக்கு ஒன்று;
ஆனால் விலை
தன் எண்ணின் அகலத்துக்குக் கீழே ஒருநாளும் சுருங்காது.
இடம் போதவில்லையா, அடுத்த வரிக்கு இறங்கிக்கொள்.
எழுத்து பெருத்தால் சுவரும் பெருக்கட்டும்.
உயரம் என்று எதற்கும் எழுதவில்லை.
உள்ளே இருப்பது எவ்வளவோ, அவ்வளவு.

எதிர் மேசை இஸ்மத் எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"வாய்க்கால்ல தண்ணி பிரிச்சு வுடுற மாதிரிதான்."
கூத்தாநல்லூர் கடைத்தெருவில் வளர்ந்தவன்.
நான் கடைமடை.
எங்கள் பக்கம்
பங்கு ரிஜிஸ்டரில் இருக்கும்,
தண்ணீர் இருக்காது.
இங்கே ஒரு பங்கு என்று எழுதினால்
ஒரு பங்கு வந்துவிடுகிறது.
அதனால்தான் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேனோ
என்னவோ.
அவனிடம் சொல்லவில்லை.

பிரவுசரின் வலது ஓரத்தைப் பிடித்து
மெதுவாக உள்ளே தள்ளினேன்.
மூன்று பெட்டி இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று.
டயர் வண்டி, பெல்ட் வண்டிக்குக் கீழே ஒதுங்கியது.
முந்நூற்றிருபதில் நிறுத்தி
எழுத்தை இரண்டு மடங்காக்கினேன்.
2800.
இரண்டு பூஜ்யமும் இருந்தன.
"மணிக்கு" மட்டும் மேல் வரியில் தனியாக உட்கார்ந்திருந்தது,
பஸ்ஸை விட்ட ஆள்போல. இருக்கட்டும்.

அறுத்த ஒன்றரை மணிக்குத்
தையல்நாயகி போனில் தெரிந்த விலை.
துண்டு விழுந்ததில்
குபேந்திரன் அண்ணன் பாதி, நான் பாதி.

கேட் எப்போது திறந்ததென்று தெரியவில்லை;
தெரு காலியாக இருந்தது.
தலைஞாயிற்றிலிருந்து இன்னொரு படம் வந்தது.
முழு எண், முழு ஊர்ப்பெயர், தலைச்சுழி உட்பட.
கீழே எழுதியிருந்தார்:
"இப்ப சரியா தெரியுது.
முன்ன தெரிஞ்சதுதான் நல்லா இருந்துச்சு."