எந்த ஏழரை?

கூட்டம் ஏழரைக்குத் தொடங்கியது என்று எழுதினேன்.
"எந்த ஏழரை?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.
சிரித்தார்கள்.
அதையும் எழுதினேன்.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடம்.
டகோட்டாச் சமவெளியில் பிப்ரவரி.
குளிருக்குப் பயந்து சிலர்
வண்டி எஞ்சினை அணைக்காமல் வந்திருந்தார்கள்.
நூற்றுப் பதினேழு பேர், மடக்கு நாற்காலிகள்,
வாஷிங்டனிலிருந்து வந்த கிராஃப்ட் என்கிற அதிகாரி,
கரகரக்கும் ஒரே மைக்.
சுவர்க் கடிகாரம் எட்டரை காட்டியது.
நவம்பரில் யாரும் திருப்பி வைக்கவில்லை.
"மார்ச் வந்தால் தானே சரியாகிவிடும்,
அதற்காக நான் ஏணி ஏற மாட்டேன்" என்றார் காவலாளி ஆர்லோ.
ஆற்றுக்கு அக்கரையில்
இப்போதே அது சரியான நேரம்.

கேட்கப்பட்டது அவ்வளவுதான்:
நம் மாவட்டமும் அக்கரை நேரத்துக்கு மாறலாமா?

டுவேன் ஃபெட்டிக். அக்கரை அனல்மின் நிலையம். ஆதரவு.
"அங்கே ஐந்து மணி ஷிஃப்டுக்கு
இங்கே மூன்றுக்கு எழுகிறேன்.
திரும்பி வந்தால் கையில் ஒரு மணி மிச்சம்.
கடைகள் திறந்திருக்கும், கண் திறக்காது."

கார்லா வென்ட்ஸ். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். எதிர்ப்பு.
"ஜனவரியில் ஒன்பதாகப் போகும்போதுதான் விடியும்.
சாலையோரம் கைவிளக்குப் புள்ளிகளைப் பொறுக்கிக்கொண்டு போவேன்.
ஏழு புள்ளி என்றால் ஏழு பிள்ளைகள்.
விளக்கை மறந்து வந்தவனை என்னவென்று எண்ணுவது?"

யூஜின் எழுந்து
"மாடுகளுக்குக் கடிகாரம் தெரியாது" என்று ஆரம்பித்தார்.
"உன் மாடுகளைக் கறப்பது இயந்திரம்,
அது மினியாபொலிஸ் கணினியைக் கேட்டு நடக்கிறது" என்றாள்
பக்கத்திலிருந்த அவர் மனைவி.
யூஜின் உட்கார்ந்தார்.

மார்ச்சில் பிடுங்கி நவம்பரில் திருப்பித் தருகிறீர்களே,
முதலில் அதை நிறுத்துங்கள் என்றார் ஒரு கிழவர்.
அது இந்த விசாரணையின் வரம்பில் இல்லை என்றார் அதிகாரி.
"அப்படியானால் வட்டியாவது கொடுங்கள்."

மார்லிஸ் கௌட்ஸ் எட்டேகாலுக்கு வந்தார்.
தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார்.
கோட்டைக் கழற்றாமலே மைக்கைப் பிடித்தார்.

"அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது
எங்கள் அடுப்புக் கடிகாரத்தில் ஆறு நாற்பது.
ஆம்புலன்ஸ் உடனே வந்தது, பாலம் தாண்டியது.
அக்கரை ஆஸ்பத்திரிச் சான்றிதழில் எட்டுப் பத்து.
முப்பது நிமிடச் சாலை.
மீதி ஒரு மணி நேரம் நோயாளி எங்கே இருந்தார் என்று
காப்பீட்டுக்காரர்கள் கடிதம் போட்டார்கள்.
விளக்கி எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள்.
நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை.
எங்கே இருந்தார்?
ஒன்பது வருடமாக, எங்கள் வீட்டில்
ஏழு பத்திலிருந்து எட்டுப் பத்து வரை
நான் போனை எடுப்பதில்லை.
கோட்டை நகர்த்த வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.
நகர்த்தினால் அந்த ஒரு மணி
யார் கணக்கில் போகும் என்று கேட்டுப் போக வந்தேன்."

கிராஃப்ட் காகிதங்களைப் புரட்டினார்.
எழுத்துமூலமாக அனுப்பலாம், முப்பது நாள் அவகாசம் என்றார்.

என் படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
மார்லிஸின் பெயரை
இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டின் மேலேயே எழுதினேன்.
எழுத்து பாதி அங்கே, பாதி இங்கே.

முடிந்த நேரம் என்ற இடத்தில்
சுவரைப் பார்த்தேன், மணிக்கட்டைப் பார்த்தேன்.
முடிந்தது என்று மட்டும் போட்டேன்.

வெளியே, பேட்டரி செத்த ஃபெட்டிக்கின் வண்டிக்கு
கார்லா தன் பேருந்திலிருந்து
கம்பி இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.
எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"பிடிக்கிற வரைக்கும்."