இரண்டு புள்ளி ஏழு

கட்டபெட்டு இலைக் கொட்டகையில்
தராசுக்குப் பக்கத்தில் ஒரு கணினி.
விசைப்பலகையில் ஏழு மட்டும் விழாது;
பென்சிலின் பின்முனையால் குத்தினால் விழும்.
எஸ்தர்ராணி அந்தப் பென்சிலைக் காதில் செருகியிருப்பாள்.
எடையைப் படித்துச் சொல்வது
நான் எழுதிய லைப்ரரி.
பதிப்பு, இரண்டு புள்ளி ஏழு.

எழுதியபோது எனக்கு இருபத்துமூன்று வயது.
மாறிகளுக்கெல்லாம் நாய்க்குட்டிகளின் பெயர்.
இப்போது ஐந்து புள்ளி ஒன்று நடக்கிறது.
அதில் நாய்கள் இல்லை.

ஆகஸ்டில் ஓட்டை ஒன்று தெரிந்தது.
தராசு அனுப்பும் வரி கொஞ்சம் நீண்டால்
அதன் வாலைப் பிடித்து யாரும் உள்ளே நுழையலாம்.
ஐந்தில் அடைக்க நாலு வரி,
டீ ஆறுவதற்குள் முடிந்தது.
இரண்டில் அந்த நாலு வரி உட்கார இடமில்லை.
அவை சாயவேண்டிய சுவரை
அப்போது நான் கட்டியிருக்கவே இல்லை.

"விட்டுவிடுவோம்" என்று எழுதினாள் மிலேனா,
பிராட்டிஸ்லாவாவில் அவளுக்கு அது பகல்.
"மாதம் பதினோரு பேர்தான் இரண்டை இறக்குகிறார்கள்."
அதில் ஒன்று நான், கட்டபெட்டுக்காக.
மீதிப் பத்து பேரை எனக்குத் தெரியாது.
தெரியாதவர்களை எப்படி விடுவது
என்று எழுதி, அழித்து,
"இன்னும் ஒரு வருடம்" என்று அனுப்பினேன்.
போன வருடமும் அதையேதான் அனுப்பியிருந்தேன்.

பர்லியாரில் மண் சரிகிற நாட்களில்
மேட்டுப்பாளையம் வண்டியெல்லாம் கோத்தகிரி வழி ஏறும்.
என் ஜன்னலுக்குக் கீழே லாரிகள்
கியர் மாற்றி முனகும்.
அந்தப் பக்கம் ரோடு திறந்ததும்
இந்தப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
ஆனாலும் ஓரச் சுவரில் பாசி சுரண்ட
நெடுஞ்சாலை ஆட்கள் நாலு பேர் வருகிறார்கள்,
மழைக்கோட்டுக்குள் பீடியை மறைத்துக்கொண்டு.

போன கோடையில் ஐந்தை அங்கே போட்டுப் பார்த்தேன்.
போஜனின் மூட்டை
பதினெட்டு கிலோ நானூற்றைம்பது கிராம்.
இரண்டு அதை ஐந்நூறு என்னும்;
பாதி வந்தால் மேலே ஏற்று, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
ஐந்து படித்தது.
பக்கத்து இரட்டை எண் எதுவென்று பார்த்து
ஏற்றும், அல்லது இறக்கும்.
நானூறு என்றது.

"நூறு கிராம் எங்கே போச்சு?" என்றாள் எஸ்தர்ராணி.
நாள்பட நாள்பட எல்லாம் சமமாகிவிடும் என்றேன்.
"யாருக்கு?"
போஜன் ஒன்றும் சொல்லவில்லை.
சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.
அன்றைக்கே ஐந்தை எடுத்துவிட்டேன்.

பழைய பதிப்புக்கு எங்கள் விதி ஒன்றுதான்:
ஓட்டையை அடை, நடத்தையை மாற்றாதே.
எழுதியவள் நான்.
ஐம்பது கிராமுக்காக எழுதவில்லை.
இப்போது யாராவது கேட்டால்
அதற்காகத்தான் என்று சொல்லிவிடுவேன் போலிருக்கிறது.

பதினோரு இரவு.
நடுவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை;
மடிக்கணினி அணையும்வரை அதில்,
பிறகு மெழுகுவத்தியும் மளிகை ரசீதின் பின்பக்கமும்.
குற்றம் ஜிம்மி என்ற மாறியில் இருந்தது.
நீளம் கேட்காமல் வந்ததையெல்லாம் விழுங்குகிற ஜிம்மி.
கழுத்தில் ஒரு பட்டை கட்டினேன்,
இத்தனை எழுத்துக்கு மேல் வாய் திறக்காதே.

பென் டிரைவோடு எட்டே முக்கால் பஸ்.
மேகம் தராசுத் தட்டுவரை வந்திருந்தது.
எஸ்தர்ராணி பென்சிலை நீட்டினாள்.
ஏழைக் குத்தினேன்.
மூட்டைகள் ஏறின, இறங்கின.
வரிசையில் நின்றவர்கள்
யாரோ ஒருவரின் மருமகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெளியீட்டுக் குறிப்பு:
"2.7.31. ஒரு ஓட்டை அடைக்கப்பட்டது.
வேறு எதுவும் மாறவில்லை."

அந்த மாதம் பன்னிரண்டு பேர் இறக்கியிருந்தார்கள்.
மிலேனா ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினாள்.