முப்பத்து நாலு நொடி

முப்பத்தைந்து கேள்வி, இருபது நிமிடம்.
ஒன்றுக்கு முப்பத்து நாலு நொடி.
மஞ்சக்குப்பம் நூலகத்துக்குப் பின்னால்
சைக்கிள் ஸ்டாண்டில் ஞாயிறுதோறும் கூடுகிறோம்.
மின்விசிறி இல்லை. கொசு உண்டு.
ஜெய்லானியின் போனில் ஓடும் கடிகாரம் உண்டு.

திசைக் கேள்வி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
ஒருவன் வடக்கே ஐந்து கிலோமீட்டர் நடக்கிறான்,
வலப்பக்கம் திரும்பி மூன்று,
மறுபடி வலப்பக்கம் இரண்டு.
அவன் வழியில் ஒருநாளும் கடல் குறுக்கிட்டதில்லை.
கடலூரில் நடந்தால் முதல் திருப்பத்திலேயே
முழங்கால்வரை நனைந்திருப்பான்.
எங்களுக்குத் திசைகள் மூக்கில் இருக்கின்றன.
தெற்கென்றால் சிப்காட், அழுகின முட்டை.
மேற்கு, அரவைக் காலத்து நெல்லிக்குப்பம், காய்ச்சின பாகு.
வடக்கு, ராத்திரி பாண்டி பஸ்ஸின் கடைசி சீட்டு.
கிழக்கைச் சொல்லவே வேண்டாம்.

ஆடியில் புதிதாக வந்தாள் பிரசன்னா,
அரியாங்குப்பத்திலிருந்து.
வட்ட மேசையில் எட்டுப் பேரைப்
பந்தியில் உட்காரவைப்பதுபோல்
அதட்டி உட்காரவைப்பாள்.
ரத்த உறவு மட்டும் வராது.
'படத்தில் இருப்பவள் என் தாத்தாவின் ஒரே மகனின் மகள்.'
"தங்கச்சின்னு சொன்னா இவனுக்கு வாய் வெந்துடுமா?" என்பாள்.

நான் சொல்லிக்கொடுத்தேன்:
ஆணுக்குக் கூட்டல், பெண்ணுக்குக் கழித்தல்
(புத்தகத்தில் அப்படித்தான், என்னைக் கேட்காதே),
கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு,
பிள்ளைகள் கீழே தொங்குவார்கள்.
பழக உன் வீட்டையே போட்டுப் பார்.

ஜெராக்ஸ் கடை பில்லின் முதுகில் போட்டாள்.
கழித்தல், சரளா.
கூட்டல், தேவநாதன், ஐஸ் லாரி ஓட்டுகிறார்.
இதில் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால்
ஏதாவதொரு தேவநாதன் தலையில்தான் விழும்.
"திங்கள்லேர்ந்து வியாழன்வரைதான் வீட்டுல,
மத்த நாளு கேரளா லோடு."
என் அப்பாவின் லாரி
திங்கட்கிழமை விடியக் கேரளா கிளம்பும்,
வெள்ளிக்கிழமை திரும்பும்.
ஏழு கிழமை, இரண்டு வீடு, ஒரு லாரி.
"ஐஸ் நொறுக்குற மெஷின்ல
இடது சுண்டுவிரல் பாதி போச்சு.
அதைக் காட்டித்தான் சின்ன வயசுல என்னை
சாப்பிட வெப்பாரு."

பதினோரு நொடி.
இதுவரை நான் போட்டதிலேயே வேகமானது அதுதான்.
இன்று ஞாயிறு.
இந்நேரம் எங்கள் வீட்டில் அவர்
அந்தப் பாதி விரலால் தட்டை நகர்த்திக்கொண்டு
மத்திக் குழம்புக்குக் காத்திருப்பார்.

விடைகளில் ஐந்தாவதாக ஒன்று வருமே,
'தரவு போதாது',
தெரியாதவர்கள் போய் ஒதுங்குகிற நிழற்குடை.
தெரிந்துகொண்டு நான் அங்கே போய் நின்றேன்.
தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும்,
தொடாமல் விட்டதற்கு ஒன்றும் போகாது
என்று கோச்சிங் சார் சொல்லியிருக்கிறார்.
அவர் பேசியது பரீட்சையைப் பற்றி.

"உன் வீட்டையும் போடு, பாப்போம்."
பேனாவை நீட்டினாள்.
கழித்தல் போட்டேன். அஞ்சலாட்சி.
இரட்டைக் கோடு இழுத்தேன்.
கோட்டின் அந்த முனையில் நின்றுவிட்டது கை.
"மை தீந்துபோச்சா?"
"ம்."
வாங்கி உதறினாள்,
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள்.
நீலமாக, நன்றாகவே, எழுதியது.

பேனாவைப் பார்த்தாள்.
பில்லைப் பார்த்தாள்.
பிறகு என் மூக்கை, நெற்றியை,
முதன்முதலாகப் பார்ப்பதுபோல்.

ஜெய்லானி, கடிகாரத்தை நிறுத்தாதே.
அவளுக்கும் உண்டு முப்பத்து நாலு நொடி.