மூன்றாம் கட்டம்

மடாங் கரையில் மழை.
ஜெனரேட்டர் இருமி நின்றுவிட்டது.
நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியைத் திருப்பி
ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்கிறேன்.

செரா மைவெனின் ஒரு துளி.
வட்டமாய் இருக்கவேண்டிய அணுக்களில் பல
நீண்டு கிடக்கின்றன,
நடுவே குறுக்காக ஒரு கீறலோடு.
மலைநாட்டு லாரிகள்
சந்தை வாசலில் சிந்திவிட்டுப் போகும்
காப்பிக்கொட்டை போல.

இருபத்தேழு எழுத்துகள் விடுபட்ட மரபணு.
எந்தத் தலைமுறையிலோ படியெடுத்த கை
கண்ணயர்ந்த இடம்.
மலேரியாக் கிருமிக்கு
அந்தப் பிழையில் கால் இடறுகிறது.
முழுக்க விழுவதில்லை.
காய்ச்சல் வரும், பல் தந்தியடிக்கும்,
மூளைக்கு ஏறும் படியில் மட்டும்
பெரும்பாலும் வழுக்கிவிடும்.

படிவத்தில் ஒரு கேள்வி: எத்தனை பிள்ளைகள்?
'நாலு' என்றாள்.
வீட்டில் இருப்பது ஒருவன், தமோய்.
வெளியே மழைத்தண்ணீரில்
தேங்காய் மட்டையை ஓடமாக விட்டுக்கொண்டிருந்தான்.
மூத்தவன் குபாய்
போன மழைக்கு முந்தைய மழையில்
இதே காய்ச்சலில் கண்மூடி
மூன்றாம் நாள் குளிர்ந்தான்.
ஒரே பாய், ஒரே கொசுவலை, வலையில் ஒரே கிழிசல்.
அவன் அணுக்கள் வட்டம். அப்பழுக்கில்லாத வட்டம்.
பழைய வில்லையை எடுத்துப் பார்த்தேன்,
பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மற்ற இருவருக்கும் பெயர் இல்லை.
ஐந்தாம் மாதம் ஒன்று. ஏழாம் மாதம் ஒன்று.

அவள் கணவன் ரத்தத்தையும் வைத்தேன்.
அங்கேயும் காப்பிக்கொட்டை.

எங்கள் அட்டவணையில் மூன்று கட்டங்கள்.
பிழை இல்லாதவர்: எண்ணூற்றுப் பதினாறு.
ஒரு பெற்றோரிடமிருந்து பெற்றவர்: நூற்று முப்பத்திரண்டு.
இருவரிடமிருந்தும் பெற்றவர்:
பூஜ்யம்.
ஒன்பது வருடமாய் பூஜ்யம்.
'வீண் கட்டம், எடுத்துவிடலாமே'
என்கிறார் புதிதாக வந்த டாக்டர்,
தாளை மிச்சம்பிடிக்கிறவர்.

செராவுக்குப் படிக்க வராது. எண்கள் தெரியும்.
பாக்குச் சிவப்பு ஏறிய விரலை
அந்தச் சுழியத்தின் மேல் வைத்து
'இங்கே யார்?' என்று கேட்டாள்.

ஒருவரும் இல்லை என்பது சரியான விடை.
பிறந்து, மூச்சு விட்டு,
விரல்நுனியில் ஊசி குத்த
எங்களிடம் வந்தவர் ஒருவரும் இல்லை.
நாலில் ஒன்று என்ற கணக்கைச் சொன்னேன்.
வீட்டில் சோழி குலுக்கிப் போடுவது போல, 
ஒவ்வொரு முறையும் புதிதாக,
போனதை நினைவில் வைக்காத சோழி.
உன் இருவரும் இங்கேதானா என்று
என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது,
சோதிக்க எதுவும் மிச்சமில்லை.

வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.
பிறகு,
'அவன் பிழைத்ததும் இதனால்தானே' என்றாள்,
ஜன்னலுக்கு வெளியே பார்த்து.
ஆமாம் என்றேன். இருக்கலாம் என்றேன்.
இரண்டையும் அவள் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டாள்.

அவள் போன பிறகு கவனித்தேன்:
சுழியத்தின் மேல் சிவப்பாய் ஒரு ரேகை.
அழிரப்பரை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

டாக்டர் கேட்டால்
வெற்றிலைக் கறை என்று சொல்லிக்கொள்ளலாம்.