வெற்றுப் பொட்டலம்

கொட்டாங்கச்சிக் கரிதான். நீராவியில் சுட்டு
உடம்பெல்லாம் துளையாக்கி அனுப்பியிருந்தார்கள்.
கொசுவலைத் துணியில் இரண்டிரண்டு கிராமாய்க் கட்டி
நேமத்தான்பட்டி ஊருணியில்
மூன்றாம் படிக்குக் கீழே தொங்கவிட்டேன்,
நைலான் கயிற்றில், அரைச் செங்கல் கனத்தில்,
பதினான்கு நாள்.

"கரியப் போட்டாத் தண்ணி கருக்காதா?"
கரையில் டிவிஎஸ் கழுவிக்கொண்டிருந்த அடைக்கலம் கேட்டார்.
கருக்காதுண்ணே. தண்ணியில இருக்குறத அது குடிச்சுக்கும்.
"அப்ப வயலுக்கு அடிச்ச மருந்தையும் சொல்லிருமா?"
சொல்லுமா என்று பார்க்கத்தான் வந்திருந்தேன்.
பரீட்சை கரிக்கு.

காரைக்குடியில், ஆய்வகத்துத் தொட்டியில்
நானே அளந்து ஊற்றிய களைக்கொல்லி நூறு பங்கு.
கரி ஒப்புக்கொண்டது அறுபத்தெட்டு.
மறுபடி, எழுபத்தொன்று.
மறுபடி, நாற்பது.
நாற்பது வந்த இரவு கரண்ட் போய்
கலக்கி நின்றிருந்தது;
அதையும் குறிப்பேட்டில் எழுதினேன், பொடி எழுத்தில்.
மீதியெல்லாம் உள்ளேதான் இருக்கிறது,
எந்தக் கரைப்பானுக்கும் வாய் திறக்காமல்.

ஊருணியில் கட்டிய மூன்றில்
ஒன்று பாசி பிடித்துக் கம்பளி போர்த்தியிருந்தது.
ஒன்று நல்லபடி.
ஒன்றைக் காணோம்.
அதன் கயிறு மட்டும் கிடைத்தது,
ஒரு கன்றுக்குட்டியின் கழுத்தில்.

நல்லபடி வந்ததில் பெட்ரோல்.
வரைபடத்தில் அழகான மேடு.
அடைக்கலத்தின் டிவிஎஸ் நினைவுக்கு வந்தது.
"கரையில் வண்டி கழுவுகிறார்கள் மேடம்" என்று
டாக்டர் உமையாளுக்கு அப்போதே செய்தி அனுப்பிவிட்டேன்.

இன்னொரு பொட்டலம் உண்டு.
தண்ணீரையே தொடாமல்
கூடப் போய்க் கூட வந்தது.
பூஜ்யம் சொல்வதுதான் அதன் வேலை.
மறுநாள் அதை ஓட்டினேன்.
அதே மேடு. அதே உயரம்.

சாப்பாட்டு டப்பா எடுக்க
ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கியபோது
முகத்தில் அடித்தது வாசனை.
நாலு பொட்டலமும் போய்வந்தது அந்தப் பெட்டிக்குள்தான்.
கரி பொய் சொல்லவில்லை.
என் வண்டியைச் சொன்னது.

உமையாள் மேடத்துக்கு அனுப்பியதை அழிக்கப் பார்த்தேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்திருந்தது.

இந்த முறை டவுன் பஸ், இறுக மூடிய எவர்சில்வர் தூக்கு.
அடைக்கலம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.
"என்னாச்சு, மருந்து இருக்கா?"
இன்னும் தெரியலண்ணே.
அவர் முகத்தைப் பார்க்காமல்
தேங்காய் நார்க் கயிற்றில் மூன்றைக் கட்டினேன்.
கன்றுக்கு அது குத்தும், யாரும் அவிழ்க்க மாட்டார்கள்.
ஆனால் நாரும் தண்ணீரில் எதையாவது கசியவிடும்.
அதற்கொரு வெற்றுப் பொட்டலம் வேண்டும்.