செவ்வாய்க்கிழமைக் கால்கள்

பீட்டர்ஹெட் துறைமுகத்து ஆலையில்
நாளெல்லாம் மீன் அறுப்பவள் நான்.
செவ்வாய் மாலைகளில் மட்டும்
தேவாலயத்தின் பின்கூடத்தில்
முதியவர்களுக்குக் கால்நகம் வெட்டுகிறேன்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.
குனிய முடியாத உடம்புக்குத்தான் தெரியும்
தன் கால் தனக்கு
எத்தனை மைல் தூரமென்று.

பயிற்சி மூன்று நாள்.
பிளாஸ்டிக் காலில் ஒரு நாள்.
எப்படிப் பேசுவதென்று ஒரு நாள்.
எந்தக் காலில் கைவைக்கவே கூடாதென்று
இன்னொரு நாள்.
எங்கள் சொத்து:
ஆறு தொட்டி, பதினான்கு துண்டு,
நாணயம் போட்டால் மட்டும் எரியும்
ஒரு பழைய கொதிகலன்.
வில்மா டூத்தி
வீட்டுச் சாவியை மறந்து வருவாள்,
சில்லறையை மறந்ததில்லை.

பள்ளிச் சமையற்கட்டில்
முப்பது வருடம் நின்ற எல்ஸ்பெத் வருவாள்,
குதிகால் முழுக்கக் கோடைக்குளம்.
ஆலையில் என்னோடு அறுத்த டான்யூட்டே,
லித்துவேனியாவிலிருந்து நாலு வருடத்துக்கென்று வந்து
இங்கேயே மூத்துப்போனவள்,
வீட்டிலேயே இரண்டுமுறை கழுவிவிட்டு வருவாள்
விருந்தாளி வருமுன் வீடு பெருக்குவதுபோல.

இன்னஸ் டெய்ட் வரவில்லை.
அதாவது வந்தார், உட்காரவில்லை.
ஏழு செவ்வாய்.
வாசலோர உண்டியலில் ஒரு பவுண்டு போடுவார்.
"நல்ல காரியம்" என்பார்.
நின்றபடியே தேநீர் குடித்துவிட்டு
கொடுத்தவர்கள் நோட்டில்
கையெழுத்துப் போட்டுப் போவார்.
இடது ஷூவின் முனையை
யாரோ கத்தியால் கீறித் திறந்திருந்தார்கள்.
எல்லோரும் பார்த்தோம்.
ஒருவரும் பார்க்கவில்லை.

எட்டாம் வாரம் அடைமழை. ஆளில்லை.
கொதிகலன் அணைந்தது.
சில்லறை தீர்ந்ததென்றாள் வில்மா.
(அவள் பை குலுங்கியது எனக்குக் கேட்டது.)
உண்டியலுக்கு நீண்ட கையைத் திருப்பி
இன்னஸ் மீட்டரில் போட்டார் நாணயத்தை.
"உங்கள் காசில் சுட்ட தண்ணீர்,
யாருமில்லாமல் ஆறப்போகிறது" என்றேன்.

வெகுநேரம் அந்தத் தொட்டியைப் பார்த்தார்.
பிறகு நாற்காலியை அல்ல,
அதன் விளிம்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

காலுறை தோலோடு வந்தது.
பெருவிரல் நகம் வளைந்து
பக்கத்து விரலுக்குள் போயிருந்தது.
நாற்றம் எனக்குப் புதிதில்லை,
அவருக்குத்தான் என் முன்னால் புதிது.
"யார் காலையும் பிடித்து
எதையும் கேட்டவனில்லை நான்" என்றார் சுவரிடம்.
"பிடித்திருப்பது நான்தான்" என்றேன்.
"கொஞ்சம் ஆட்டாமல் இருங்கள்."

அப்புறம் ஹேடக் என்ன விலை போகிறதென்று கேட்டார்.
சொன்னேன்.
ஏலக்காரர்களைத் திட்டினார்,
டீசல் விலையைத் திட்டினார்,
என் ஆலை முதலாளியின் தகப்பனைத் திட்டினார்.
ஒன்பது நகம் முடிந்தது.

பத்தாவதில் எனக்கு உரிமையில்லை.
பால மருத்துவருக்கு... இல்லை, அப்படி ஒருவர் ஊரில் இல்லை.
பாத மருத்துவருக்குச் சீட்டு எழுதினேன்.
வரிசையில் பதினோரு மாதம்.
எங்கள் சேவையைப் பாராட்டி
ஆண்டுதோறும் கடிதம் அனுப்பும் கவுன்சில்
பாத மருத்துவரை அனுப்பி மூன்று வருடமாகிறது.
அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு
மாட்டியிருக்கிறார்கள்.
நான் அதன் அடியில் உட்கார்ந்துதான் வெட்டுகிறேன்.
வில்மா தொலைபேசியில்
பதினேழு முறை அழைத்துச் சண்டை போட்டு
பதினோரு மாதத்தை ஐந்து வாரமாக்கினாள்.
அதையும் சேவை என்று
எந்த நோட்டில் எழுதுவது?

அடுத்த முறை இன்னஸ் வந்தபோது
உண்டியலைத் தாண்டி நடந்தார்.
நாற்காலியில் முதுகு சாய உட்கார்ந்தார்,
காலைத் தொட்டிக்குள் விட்டார்,
முகம் சுளித்தார்.

"தண்ணீர் சூடு போதவில்லை."

கூடமே திரும்பிப் பார்த்தது.
வில்மா அவசரமாய்ச் சில்லறை தேடினாள்.