சாரம்

பகல் சோறு விடிகாலை மூன்றரைக்கே வந்துவிடும்
துவாஸ் விடுதி வாசலுக்கு.
பையில் முடிச்சிட்ட சாம்பார்
பன்னிரண்டு மணிக்குள்
தனக்கென்று ஒரு கருத்துக்கு வந்திருக்கும்.
மாதம் நூற்று நாற்பது வெள்ளி
அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம்.

முதலில் பேச்செடுத்தது யார் என்று
பிற்பாடு பலர் கேட்டார்கள்.
எனக்கு ஞாபகமில்லை, நிஜமாகவே.
கக்கூஸ் வரிசையில் நின்றுகொண்டு
வயிற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.
இருளாண்டி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிக்க,
பல் துலக்கிக்கொண்டிருந்த ஷொஹிதுல்
நுரை தொட்ட விரலால் சுவரில் கணக்குப் போட்டான்:
ஒரு பொட்டலம், ஒரு மாடி, ஒரு மாதம்.
எண்களை வங்காளியில்தான் எழுதினான்.
தொகை எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அந்த வாரம் ஒரு நோட்டு வாங்கினோம்.
வாரத்துக்கு ஒரு கட்டிலில் அது தூங்கும்,
மேல்கட்டில், கீழ்கட்டில், அடுத்தது மேல்கட்டில்.
எழுதப் படிக்கத் தெரியாத பொன்னுரங்கத்தின் முறை வந்தபோது
தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார்,
காலையில் வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்,
ஓரிடத்தில் நிறுத்தி
"நேத்துப் பேசினது இப்படி இல்லையே" என்றார்.
திருத்தினோம்.

கூடிப் பேச இடம் கிடையாது.
செருப்பை வைத்து வாக்கெடுத்தோம்.
நுனி படிக்கட்டைப் பார்த்தால் சம்மதம்,
சுவரைப் பார்த்தால் வேண்டாம்.
கேமரா பார்த்துக்கொண்டுதான் இருந்தது
செருப்புகள் கிடப்பதை.
ஒரு ஞாயிறு இரவு எண்ணினேன்:
இருநூற்றுப் பதினொரு ஜோடி
படிக்கட்டைப் பார்த்து, கிளம்பத் தயாரானவை போல.
பதினேழு, சுவரைப் பார்த்து.
அந்தப் பதினேழையும் எழுதிவைத்தோம்.

திங்கள் காலை வழக்கம்போல லாரி ஏறினோம்.
சோறு வாசலிலேயே கிடந்தது.
பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு
ஒரு நட்டும் தளராமல் கட்டினோம்.
செவ்வாயும் கிடந்தது.
எறும்புகளுக்கு மட்டும் எங்கள் தீர்மானம் தெரியாது.
புதன்கிழமை மேனேஜர் வந்தார்.
நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை.
"உங்க லீடர் யாரு? ஒருத்தர் மட்டும் வாங்க,
ஏர்கான்ல உட்கார்ந்து பேசலாம்."

அந்த நாற்காலியை எங்களுக்குத் தெரியும்.
போன யார்டில் அதில் உட்கார்ந்த வீரபத்திரனுக்கு
அன்று இரவே டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

எட்டு வருஷமாகச் சாரம் கட்டுகிறவன் நான்.
ஆறாவது அடுக்கில் ஒருவன் நிற்கும்போது
அவனைத் தாங்குவது எந்தக் குழாய் என்று கேட்டால்
என்னத்தைச் சொல்ல?
நெடுக்கா, குறுக்கா, மூலைக்கு மூலை போகிறதா,
மழையில் துருவேறிய அந்தக் கிளாம்பா?
கப்பல் முடிந்ததும் பிரித்து அடுக்கினால்
குழாய்க்குக் குழாய் பேதம் தெரியாது.

முப்பது பேர் போனோம்.
அறை கொள்ளவில்லை, நாற்காலி காலியாகவே இருந்தது.
இவர் ஒரு வாக்கியம், அவன் அடுத்தது.
பொன்னுரங்கம் தமிழில் தொடங்கியதை
ஷொஹிதுல் இந்தியில் இழுக்க,
பின்வரிசையில் யாரோ மலாயில் முடித்தார்கள்.

சமையல்கட்டைத் திறந்துவிட்டார்கள்.
பிடித்தம் நின்றது.
இரண்டு மாதம் கழித்து
இருளாண்டியின் பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை.
காரணம் எழுதவேண்டிய இடத்தில் ஒரு கோடு.
அவனுக்காகச் சேர்த்த பணம் நோட்டில் இருக்கிறது,
பெயர் போடாமல், மொத்தத் தொகையாக.
போதவில்லை என்பதையும் எழுதியிருக்கிறோம்.

அவன் கட்டிலுக்கு நேற்று ஒரு பையன் வந்தான்,
சிவகங்கைப் பக்கம்,
ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் ஏழு லட்சம்.
இந்த வாரம் நோட்டு அந்தக் கட்டிலுக்கு.
யாரும் அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
வாசலில் அவன் செருப்பைப் பார்த்தேன்.
ஒன்று படிக்கட்டை, ஒன்று சுவரை.
எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று
கேட்கவேண்டும்,
நாளைக் காலை, வரிசையில்.